பாட்டு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம்

திருச்சுழி என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ரமண மகரிஷிதான். 1879 டிசம்பர் 30 அன்று இந்த ஊரில்தான் அவர் பிறந்தார். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், இது சுந்தரர் தேவாரம் பாடிய தலம் என்றும் சொல்வார்கள். ஆனால் ரமணர் பிறந்த அந்த வீட்டில் அடுப்படியில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. அவர் பெயர் அழகம்மாள், ரமணரின் தாயார்.

அழகம்மாள் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சீமையின் ஒரு சின்ன ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? ஆனால் வேதாந்தப் பாட்டுகள் நிறைய அவருக்கு மனப்பாடம். மற்ற பெண்கள் பாடக் கேட்டு, திரும்பத் திரும்பப் பாடி, நெஞ்சில் ஏற்றிக் கொண்டவை. கணவர் 1892-ல் இறந்து, மகன் 1896-ல் வீட்டை விட்டு அருணாசலத்துக்குப் போய், பல வருடங்கள் கழித்துக் கடைசியில் அவரும் அந்த மலைக்கே வந்து மகனோடு தங்கினார். மலையில் இருந்தபோது ஒருநாள் அப்பளம் இட உட்கார்ந்தார், மகனையும் உதவிக்குக் கூப்பிட்டார். மகன் அப்பளம் இடவில்லை. பதிலுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் 'அப்பளப் பாட்டு'.

அந்தப் பாட்டில் அகங்காரம்தான் உளுந்து. 'நான் யார்' என்ற விசாரணை, அதை உடைக்கும் திரிகை. நல்லோர் உறவு பிரண்டைச் சாறு. மன அடக்கம் சீரகம், புலனடக்கம் மிளகு, நல்ல வாசனைகள் பெருங்காயம். கடைசியில் பிரம்மம் என்னும் நெய்யில் பொரித்து எடுக்கிறார்கள். ஒரு பெண்ணின் கை அன்றாடம் செய்த வேலையையே பாடமாக்கி, மெட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஞானத்தை உரைநடையில் எழுதிக் கொடுத்திருந்தால் அம்மாவுக்கு அது பயன்பட்டிருக்குமா? படிப்பு பாட்டாகத்தான் வந்து சேர வேண்டும் என்று அந்த மகனுக்குத் தெரிந்திருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. தெற்கே செங்கோட்டையில் ஆவுடையக்காள் என்று ஒருவர் இருந்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாளைக் குருவாகக் கொண்டவர் என்பார்கள். வேதாந்தத்தைத் தமிழில் பாட்டாகப் பாடினார். அச்சு இல்லை, பள்ளி இல்லை, மேடை இல்லை. ஆனால் அவர் பாட்டுகள் திருநெல்வேலிப் பக்கத்துப் பிராமண வீட்டுப் பெண்களின் வாய் வழியாகவே பல தலைமுறைகள் பிழைத்து வந்தன. ஒரு புத்தகம் இப்படி ஆளுக்கு ஆள் கைமாறி நூற்றாண்டுகளைத் தாண்டியிருந்தால் அதை நூலகம் என்று சொல்லியிருப்போம். பெண்கள் செய்ததால் அது 'பாட்டிமார் பாட்டு' ஆகிவிட்டது.

அப்படியென்றால் பழைய தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே இல்லையா? இருந்தார்கள். அவர்கள் யார் என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். 1826-ல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள். படித்த பிள்ளைகள் சுமார் 1,88,650 பேர். அதில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540. அதாவது நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. (தரம்பால் 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கணக்கை மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் மலபார் மட்டும் தனித்து நிற்கும். அங்கே முஸ்லிம் பெண் குழந்தைகள் ஆயிரத்துக்கும் மேல் படித்தார்கள்.) அந்தக் கொஞ்சம் பேரும் யார் என்று பல கலெக்டர்கள் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் கோவிலில் ஆடவும் பாடவும் போகவிருந்த தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள்.

காரணம் எளிது. பதமும் வர்ணமும் பாட வேண்டுமென்றால் தமிழும் தெலுங்கும் வேண்டும், கொஞ்சம் சமஸ்கிருதமும் வேண்டும். பாடலின் பொருள் தெரியாமல் அபிநயம் பிடிக்க முடியாது. ஆக, படிப்பு அவர்களுக்குத் தொழில் கருவி. குடும்பப் பெண்ணுக்கு அந்தத் தேவை இல்லை என்று ஊர் முடிவு கட்டியது. அதோடு நிற்கவில்லை. எழுத்தும் பாட்டும் தெரிந்த பெண் என்றால் அவள் தாசியாகத்தான் இருப்பாள் என்ற எண்ணம் ஊறிப்போனது. பெண்ணுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க அப்பாமார்கள் பயந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வாய்ப்பாட்டாக வீட்டுக்குள் பாடலாம், ஏடு பிடிக்கக் கூடாது. ஏடு பிடித்தால் பேர் கெட்டுவிடும்!

இத்தனைக்கும் கோவில் பெண்கள் ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்போடு இருந்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே கணக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலில் இராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல கோவில்களில் இருந்து வரவழைத்துக் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு நூறு கலம் நெல். கல்வெட்டில் ஒவ்வொரு பெண்ணின் பெயரும், எந்த ஊர்க் கோவிலில் இருந்து வந்தவள் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இன்றைய சம்பளப் பட்டியல் கூட இவ்வளவு விவரமாக இருக்காது.

அந்த நிலைமை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் தலைகீழாகிவிட்டது. அரசர்களும் ஜமீன்களும் நொடித்துப் போனார்கள், மானியங்கள் சுருங்கின, வறுமையும் சுரண்டலும் மிஞ்சின. கலை இருந்தது, மரியாதை போய்விட்டது.

இதே நேரத்தில் பெண்கல்வி பேச வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்களும் பாட்டைத்தான் பிடித்தார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1860களின் இறுதியிலேயே 'பெண்மதி மாலை' எழுதிப் பெண்கள் படிக்க வேண்டும் என்று வாதாடினார். அதில் பெண்களுக்கான அறிவுரைகளைப் பாட்டாகவே பாடி வைத்தார். எட்டயபுரத்து பாரதி (திருச்சுழியில் இருந்து ரொம்ப தூரம் இல்லை, அதே கரிசல் காடு) பெண் விடுதலையைச் சொல்ல எடுத்துக்கொண்ட வடிவம் கும்மி. 'பெண்கள் விடுதலைக் கும்மி' என்ற தலைப்பே போதும். ஊர்ப் பெண்கள் வட்டமாக நின்று கை தட்டிப் பாடும் வடிவத்தில் படிப்பையும் சட்டத்தையும் பற்றிப் பேசினால் காதில் ஏறும் என்று அவருக்குத் தெரியும்.

மிஷனரிகளும் இதைக் கண்டுகொண்டார்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் வேலையைத் தொடங்கியது. திருச்சுழிக்குப் பக்கத்து மண்டபசாலை அவர்களுடைய நிலையங்களில் ஒன்று. நிலையம் இருந்த இடங்களில் பள்ளியும் வரும் என்பது அவர்கள் வழக்கம். ஆரம்பத்தில் இங்கிலீஷ் மெட்டில் தமிழ் வார்த்தைகளைத் திணித்துப் பாட வைத்தார்கள். வாயில் ஒட்டவில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் கட்டிய கீர்த்தனைகள்தான் மக்களிடம் பரவின. அதைப் பார்த்த எட்வர்ட் வெப் என்ற மதுரை மிஷன் பாதிரியார் 1853-ல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இப்படிக் கோவிலிலும் சதிரிலும் ஒலித்த ராகங்கள், மிஷன் பள்ளியில் ஜெபம் செய்யும் ஏழைச் சிறுமியின் வாய்க்கு வந்து சேர்ந்தன. எந்த ராகத்தைப் பாடினால் பெண்ணின் பேர் கெடும் என்று ஊர் சொன்னதோ, அதே ராகம் பள்ளிக்கூடத்தில் பாடமானது. இந்த முரணை அப்போது யாராவது கவனித்தார்களா என்பது வேறு விஷயம்.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வரலாம். ரமணர் பிறந்த அதே 1879-ல், ஏப்ரல் 21 அன்று, ஜாவாத் தீவின் ஜெபாரா பகுதியில் கார்த்தினி பிறந்தார். அப்பா உயர்குடி அதிகாரி. டச்சுப் பள்ளியில் படித்த கார்த்தினியைப் பன்னிரண்டு வயதில் வழக்கப்படி வீட்டுக்குள் அடைத்தார்கள், கல்யாணம் ஆகும் வரை. அடைபட்ட இடத்தில் இருந்து அவர் டச்சு மொழியில் கடிதங்கள் எழுதினார். பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்பதே அவற்றின் மையப் பேச்சு. அந்தக் கடிதங்களில் கமெலான் இசையும் வருகிறது. வெண்கலத் தட்டுகளும் மணிகளும் சேர்ந்து ஒலிக்கும் அந்த இசையைக் கேட்டு மனம் எங்கோ போவதை உருகி எழுதுகிறார். ஆனால் அந்த இசையோடு ஊரில் ஆடிப் பாடிய பெண்கள் 'ரொங்கெங்' எனப்பட்டவர்கள். அவர்களைப் பற்றி அங்கே இருந்த அபிப்பிராயம், இங்கே தாசிகளைப் பற்றி இருந்த அபிப்பிராயம்தான். உயர்குடிப் பெண் கேட்கலாம், உருகலாம், மேடைக்குப் போக முடியாது. கார்த்தினி 1904-ல் பிரசவமான சில நாட்களில் 25 வயதிலேயே இறந்துபோனார். கடிதங்கள் 1911-ல் நெதர்லாந்தில் புத்தகமாக வந்தன, அவர் பெயரில் பெண் பள்ளிகள் எழுந்தன. பாட்டையும் படிப்பையும் வேறு வேறு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒருவரை ஒருவர் பார்க்க விடாமல் வைத்திருந்தது நம் ஊர் மட்டும் இல்லை போலும்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவினை உடைந்த விதம்தான் விசித்திரம். உடைந்தது என்று சொல்வதை விட, இடம் மாறிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். மூன்று பெண்களின் வாழ்க்கையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புரியும்.

முதலாமவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர், அம்மா சந்திரம்மாள் தேவதாசிக் குடும்பத்தில் இருந்து வந்தவர். அம்மா வழி போயிருந்தால் பாட்டும் ஆட்டமும்தான். அப்பா படிக்க வைத்தார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாது என்று பெற்றோர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், மன்னர் அனுமதித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். பிறகு சட்டமன்றத்துக்குப் போய், பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தையே ஒழிக்கப் போராடினார். அவர் 1930-ல் தொடங்கிய அவ்வை இல்லம், அந்தக் குடும்பங்களில் இருந்து தப்பி வந்த பெண்களுக்கு முதலில் அடைக்கலம் கொடுத்தது. கோவிலில் பாட வேண்டிய பெண்களுக்குப் பள்ளிப்படிப்பு கொடுத்த அந்த வீட்டுக்கு, பாடிப் பேர் வாங்கிய ஒரு பெண்ணின் பெயரையே வைத்தார்! சட்டம் 1947-ல் நிறைவேறியது.

இரண்டாமவர் டி. கே. பட்டம்மாள். 1919-ல் காஞ்சிபுரத்தில் ஆசாரமான பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் பாடுவார்கள், ஆனால் பெண்கள் வெளியில் பாடக் கூடாது. பள்ளி நாடகம் ஒன்றில் இந்தச் சிறுமி பாடி நடித்ததும் பேர் பரவியது. தலைமை ஆசிரியை அம்முக்குட்டி அம்மாள்தான் விடாமல் அப்பாவிடம் பேசி இசைத்தட்டுக்குப் பாட வைக்க முயன்றார். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பெண்ணை யார் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்ற கவலை. கடைசியில் இறங்கி வந்தார். மேடையில் கச்சேரி செய்த முதல் பிராமணப் பெண்களில் ஒருவர் என்று இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மேடைக்கு வழிவிட்டது ஒரு பள்ளிக்கூடம் என்பதை எழுதுபவர்கள் குறைவு.

மூன்றாமவர் நம் மதுரைக்காரர். எம். எஸ். சுப்புலட்சுமி, 1916-ல் மீனாட்சி கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்தார். அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். பெண்களின் கையிலேயே இசை தலைமுறை தலைமுறையாக இருந்த வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. பத்து வயது வாக்கில் இசைத்தட்டில் பாடிவிட்டார். 1998-ல் பாரத ரத்னா வாங்கிய அந்தக் குரலுக்குப் பின்னால் ஐந்து வருடப் பள்ளிப்படிப்புதான் இருந்தது.

ஒருவர் பாட்டு வீட்டில் இருந்து படிப்புக்குப் போனார். ஒருவர் படிப்பு வழியாகப் பாட்டு மேடைக்கு வந்தார். ஒருவருக்குப் பாட்டே படிப்பானது. முப்பத்து மூன்று வருட இடைவெளிக்குள் பிறந்த மூன்று பேர்.

இந்தக் கணக்கில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது. 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை. சென்னை குயின் மேரிஸ் கல்லூரியில் பெண்கள் இசையைப் பாடமாகவே எடுத்துப் படித்தார்கள், சாம்பமூர்த்தி அங்கே சொல்லிக் கொடுத்தார். பாட்டுக்குப் பரீட்சை, மார்க், சர்டிபிகேட் எல்லாம் வந்தன. சர்டிபிகேட் வந்ததும் பாட்டு கௌரவம் ஆனது. பெண் பார்க்க வருபவர்கள் 'பாடத் தெரியுமா' என்று கேட்கும் காலமும் வந்தது. ஆனால் பரீட்சை இல்லாத காலத்தில் இதே இசையைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பத்துப் பெண்களில் பலர், பழைய பேர் பிள்ளைகளுக்கு ஒட்டக் கூடாது என்று சலங்கையையும் தம்பூராவையும் பரணில் போட்டார்கள். தேவதாசி முறை ஒழிந்தது சரிதான், ஒழிந்தே ஆக வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த முறைக்குள் இருந்தே வந்து அதை எதிர்த்து எழுதியதைப் படித்தவர்கள் யாரும் அதற்காக ஏங்க மாட்டார்கள். ஆனால் ஒழித்த வேகத்தில் கலைக்காரியும் சேர்ந்து ஒழிந்தாள்.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவும் இல்லை. 1920களின் இறுதியில் சட்டம் பேசப்பட்டபோது, சென்னை மாகாணத் தேவதாசியர் சார்பில் அரசுக்கு ஒரு விண்ணப்பம் போனது. அவர்கள் கேட்டது என்ன? தங்களுக்குச் சமயம், இலக்கியம், கலை இவற்றில் கல்வி கொடுக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. படிப்பையும் பாட்டையும் பிரிக்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே கொடுங்கள் என்று கேட்ட முதல் குரல் அதுதான் என்று சொல்லலாம். அந்தப் போராட்டத்தில் முன்நின்ற பெங்களூர் நாகரத்தினம்மாள் சாதாரணப்பட்டவர் அல்ல. பல மொழி படித்தவர். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் எழுதிய காவியத்தைத் தேடிப் பிடித்து 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு அதைத் தடை செய்தது, 1947-ல்தான் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொத்தைப் போட்டுக் கட்டியவரும் அவர்தான். ஆனால் அங்கே ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தே அந்த உரிமையை வாங்கினார்.

சரி, இதெல்லாம் காவிரிக் கரையிலும் சென்னையிலும் நடந்தவை. கண்மாய் வறண்டு கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் என்ன நடந்தது?

இங்கே சபா கிடையாது. கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளையும் மானாவாரிக் காடு. அருப்புக்கோட்டையில் தறி. பெண்களின் இசை என்பது வேலையோடும் சடங்கோடும் ஒட்டியது. தாலாட்டு, களையெடுப்புப் பாட்டு, கும்மி, குலவை, ஒப்பாரி. முளைப்பாரி என்றால் சாமிக்கு விதை முளைக்க வைப்பது மட்டும் இல்லை. இருட்டறையில் முளை வளரும் அத்தனை நாளும் இரவில் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். சின்னப் பெண் பெரியவள் பின்னால் நின்று ஒவ்வொரு அடியாகப் பிடித்துக்கொள்வாள். வயதுக்கு வந்த பெண் இரவில் வீட்டை விட்டு வெளியே வந்து, பத்துப் பேரோடு கூடிப் படிப்பதற்கு ஊர் அனுமதித்த ஒரே வகுப்பறை அதுதான்.

மழை பொய்த்தால் இன்னொரு பாட்டு. கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலில் ஓர் உருவம் செய்து, ஊரின் பாவமெல்லாம் அதுதான் என்று தெருத் தெருவாக இழுத்துப் போய்க் கடைசியில் கொளுத்துவார்கள். அதற்கு மாரடித்து ஒப்பாரி வைப்பது பெண்கள். வானம் இரங்கும்படி அழ வேண்டும் என்பது கணக்கு. ஆற்றுப்பாசனக்காரனுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். கண்மாய் நிறையாத வருடம் என்ன ஆகும் என்று தெரிந்த ஊரில் அது விளையாட்டு இல்லை.

ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். அது ஒரு கணக்கு வாசிப்பு. பிறந்த வீட்டில் இருந்து என்ன சீர் வந்தது, கூடப்பிறந்தவன் எப்போது கை விட்டான், புகுந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், இனி எந்த நிலத்தில் தனக்குப் பங்கு, எல்லாம் அதில் வரும். எழுதத் தெரியாத, சொத்தில் பாத்தியதை இல்லாத ஒரு பெண், ஊரே கூடியிருக்கும் இடத்தில் தன் வழக்கைச் சொல்ல முடிந்த நேரம் அது ஒன்றுதான். பாடினால் யாரும் தடுக்க முடியாது. பேசினால் தடுப்பார்கள். தமிழ்நாட்டில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989-ல்தான் வந்தது.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. அதில் இந்த வறண்ட மாவட்டத்துக்குப் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956-ல் மதிய உணவைத் தொடங்கினார். களையெடுக்கப் போன சிறுமி சோற்றுக்காகவாவது பள்ளிக்கு வந்தாள். 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். 1901-ல் இந்தியா முழுவதும் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 73 சதவீதத்துக்கும் மேல்.

வந்த பள்ளிக்கூடத்தில் பாட்டு இல்லை. இருந்த பாட்டும் பாடப்புத்தகத்துப் பாட்டு. வீட்டில் அம்மாவிடம் கற்ற கும்மிக்கும் குலவைக்கும் அங்கே மார்க் கிடையாது. 'படிக்காதவங்க பாட்டு' என்று அதற்கு ஒரு பேர் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் படித்தால் பேர் கெடும் என்று பயந்தார்கள். பிறகு பாடினால் படிக்காதவள் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டார்கள். இரண்டு கூச்சத்துக்கும் விலை கொடுத்தது பெண்ணின் தொண்டைதான்.

இதற்கு விதிவிலக்காக இரண்டு பேர். இராஜபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பள்ளி, கல்லூரி எல்லாம் படித்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் ஆசிரியராக இருந்தவர். கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்து, அதே பாட்டுகளை மேடையில் தானே பாடினார். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மற்றவர் சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி கருப்பாயி. வயல்காட்டில் கற்ற பாட்டுதான் அவருக்குத் தெரிந்த கல்வி. வானொலியில் பாடினார், 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் வந்து தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார், கலைமாமணி விருது வாங்கினார். 2025-ல் மறைந்தார். ஒருவர் பட்டத்தோடு பாடினார், ஒருவர் பட்டம் இல்லாமல் பாடினார். இரண்டு பேரையும் ஒரே மேடையில் வைத்தால் யார் ஆசிரியர், யார் மாணவி என்று சொல்வது கஷ்டம்.

இவர்கள் இருவருக்கும் பெயர் இருக்கிறது. மற்றவர்களுக்கு? நா. வானமாமலை 1964-ல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பு, கரிசல் காட்டுப் பெண்கள் பாடியவற்றையெல்லாம் அழியாமல் காத்த பெரிய வேலை. தாலாட்டும் ஒப்பாரியும் காதலும் உழைப்பும் அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அந்தப் பாட்டுகளின் அடியில் 'சேகரித்தவர்' என்று ஒரு பெயர் இருக்கும், 'இடம்' என்று ஓர் ஊர் இருக்கும், விளாத்திகுளம், சிவகிரி என்று. பாடிய பெண்ணின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தஞ்சாவூர்க் கல்லில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் 400 பெண்களுக்கும் பெயர், தெரு, வீடு எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள்.